இருபது நட்டு

லோர்னா பொட்டலத்தைப் பிரித்து, நட்டுகளை மேசைமேல் கொட்டி, மூன்றாவது முறையாக எண்ணினாள். சக்கரத்துக்கு ஐந்து. நான்கு சக்கரத்துக்கு இருபது. சரியாக இருந்தது.

"இன்னும் எத்தனை தடவை எண்ணுவே? குட்டி போட்டிருக்கான்னு பாக்குறியா?" உள்ளே டயர் மாட்டிக்கொண்டிருந்த முதலாளி கஸ் குரல் கொடுத்தார்.

அவள் சிரிக்கவில்லை. நட்டுகளை மறுபடி பொட்டலத்தில் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்து, சக்கரப் பெட்டிக்குள் வைத்தாள். வைத்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். ஐந்து வாரமாக இப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

கதவு மணி அடித்தது. டோலிடோ நகரில் அன்றுதான் முதல் பனி. அறுபது வயதிருக்கும் ஒருவர் உள்ளே வந்தார். தோளில் விழுந்த பனியைத் தட்டிவிடக்கூட இல்லை. நடக்கும்போது கோட்டுப் பையில் ஏதோ கலகலத்தது. சாவிக்கொத்தாக இருக்கும்.

"என்ன காருக்கு சார்?"

"கார் இல்ல." அவர் ஒரு நோட்டுத் தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "இந்த அளவுல ஏதாவது தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லணும்."

ஊதா மை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. டெஸ்ஸின் கையெழுத்து.

பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த பெண். தன் சின்னக் காருக்கு நல்ல சக்கரம் வாங்க மூன்று தடவை வந்தாள். ஒன்றை வைத்துப் பார்த்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து, டயருக்கும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று குனிந்து பார்த்தாள். நாங்களே மாட்டித் தருகிறோம் என்று கஸ் சொன்னதற்கு, "ஐயையோ, வேணாம். அப்பாதான் மாட்டணும். இல்லன்னா ஒரு மாசம் எங்கூடப் பேச மாட்டாரு" என்று சிரித்தாள்.

வாங்கிப்போன ஒன்பதாம் நாள், நெடுஞ்சாலையில், முன்பக்க இடது சக்கரம் கழன்று ஓடிவிட்டது; டெஸ் பிழைக்கவில்லை. நட்டு தளர்ந்திருந்ததாகச் செய்தியில் போட்டிருந்தார்கள்.

டெஸ்ஸின் அப்பாவை லோர்னா ஐந்து வாரமாக எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்தே விட்டார்.

தாளை எடுத்து வரிவரியாகப் பார்த்தாள். அகலம், துளைகளின் இடைவெளி, சக்கரம் உள்ளே எவ்வளவு போகும், வெளியே எவ்வளவு வரும். "எல்லாம் சரியா இருக்கு சார். ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பில்ல."

"டயர் எங்கயாச்சும் உரசியிருக்குமா?"

"வாய்ப்பே இல்ல."

"நடு ஓட்டை பெருசு, வளையம் போடணும்னு ஒண்ணு சொன்னாளே?"

"அவங்களே கேட்டு வாங்கிட்டுப் போனாங்க சார்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எதனால?"

உள்ளே கஸ்ஸின் இயந்திரம் நின்றது.

"நட்டு சார்." தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. "காரோட வந்த நட்டுக்கு அடி உருண்டையா இருக்கும். இந்தச் சக்கரத்துல துளை புனல் மாதிரி சரிவா இருக்கும். ரெண்டும் ஒட்டிப் பிடிக்காது. ஓட ஓட லூசாகி விட்டுடும். அதுக்காகத்தான் புது நட்டு கூடவே குடுக்குறோம். அதுக்குத் தனி விலை கிடையாது. அதனால பில்லுல எழுத மாட்டோம்."

"லோர்னா, போதும்." கஸ் வாசலில் நின்றார். "வக்கீல் இல்லாம ஒரு வார்த்தை பேசாதே."

அவள் திரும்பவில்லை. "அன்னிக்கு உங்க பொண்ணு பெட்டிய நான்தான் கட்டினேன். நடுவுல போன் வந்துச்சு. பேசிட்டு வந்து பெட்டிய ஒட்டிட்டேன். பொட்டலத்தை உள்ள வெச்சேனான்னு ஞாபகமே இல்ல சார். யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். வரமாட்டேங்குது."

"அறிவிருக்கா உனக்கு? கடையை மூடவெச்சுட்டுத்தான் ஓய்வியா?" கஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வந்தவர் கஸ்ஸைப் பார்க்கவே இல்லை. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அவளிடமே கேட்டார்.

"பழைய நட்டைப் போட்டா, முடுக்கும்போது கையில தெரியாதா?"

"தெரியாது சார். நல்லா இறுகின மாதிரியேதான் இருக்கும்."

"முப்பது வருஷம் சக்கரம் மாட்டின கைக்குமா?"

"எந்தக் கைக்கும் தெரியாது."

அவர் மெல்லத் தலையாட்டினார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கலகலத்துக்கொண்டிருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கடையின் பெயர் அச்சிட்ட பொட்டலம். அடித்த ஸ்டேப்ளர் பின் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. உள்ளே இருபது நட்டு.

"நீங்க வெச்சுதாம்மா இருந்தீங்க. பழசே போதும்னு சொன்னது நான்."