நோயில்லாதவர் வரிசை

இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டதும் முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

மேல்வரிசைக் குழாய்கள் எல்லாமே பச்சையாக ஒளிர்ந்தன. அவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரத்தம். கல்லீரலில் புற்று என்று உறுதியானவர்களுடையது.

கீழ்வரிசை நோயில்லாதவர்களுடையது. அது இருண்டு கிடக்க வேண்டும்.

கிடந்தது, ஓரத்தில் இருந்த ஒன்றைத் தவிர.

அது கொஞ்சமும் கூச்சமில்லாமல் மேல்வரிசையோடு சேர்ந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மூடியில் எண் மட்டும்தான் எழுதியிருந்தது. அது யாருடைய ரத்தம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

தணிகைவேலுடையது. அவள் கணவன்.

நோயில்லாத ஆள் வேண்டும் என்றதும் அவளுக்கு வேறு யாரும் தோன்றவில்லை. பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது, காபிகூடக் கிடையாது. தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. ஊசி குத்த வந்த நர்ஸிடமே, சுத்தமான சரக்கும்மா, கீழே சிந்திடாதீங்க என்று சொல்லிச் சிரிக்க வைத்தவன்.

அவள் எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். புதுக் கரைசல். புதுக் குழாய். கையுறையைக்கூட மாற்றினாள்.

மறுபடியும் பச்சை.

குழாய்களில் ஒளிர்ந்தது நாலு வருடமாக அவள் கட்டிய மூலக்கூறு. புற்று தொடங்கும்போது கல்லீரலிலிருந்து ரத்தத்தில் ஒரு நொதி கசியும். அந்த நொதி வந்து மூலக்கூறின் வாலை நறுக்கினால் அது ஒளிரும். நறுக்க ஆளில்லை என்றால் சும்மா கிடக்கும். வேதியியல்காரர்கள் இதெல்லாம் ரத்தத்தில் வேலை செய்யாது என்றார்கள். உயிரியல்காரர்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவள் விடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

இன்று அந்தக் குஞ்சு பொய் சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

நாலு வருடமும் மண்ணாய்ப் போகட்டும் சாமி. பட்டமே வேண்டாம்.

வழிகாட்டி அருளப்பன் சார் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். மேல்வரிசையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. கீழ்வரிசை ஓரத்தைப் பார்த்துச் சுருங்கியது. அடுத்த வாரம் நிபுணர் குழு வருகிறது.

"ஒரு ட்யூப்தானேம்மா. எங்கயாவது அழுக்கு பட்டிருக்கும். அதை எடுத்துட்டு வேற யாரோடதாவது வை."

அழுக்கு என்ற சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுக்காகத்தான் இருக்கும். இந்த ஆய்வகத்தில் இல்லாத அழுக்கா?

வேறு யாரையும் தேடிப் போகவில்லை. தோழியிடம் கையை நீட்டித் தன் ரத்தத்தையே எடுக்கச் சொன்னாள். அது உறைந்து மேலே நீர் தெளிந்ததும், அதே கரைசலில், அதே கையால், அதே ஓரத்தில் வைத்தாள்.

ஒளிரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இதுவும் ஒளிர்ந்துவிட்டால் போதும். மூலக்கூறு எல்லார் ரத்தத்துக்கும் பல்லைக் காட்டுகிறது என்று ஆகிவிடும். வீட்டுக்குப் போய் நிம்மதியாக அழலாம்.

விளக்கைப் போட்டாள்.

கீழ்வரிசை முழுக்க இருட்டு.

அருளப்பன் சார் அவள் தோளில் தட்டிவிட்டு, இனிப்பு வாங்கி வரச் சொல்லப் போனார். அவள் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நோயில்லாமல் இருப்பதற்காகத் தன் மேலேயே அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஆராய்ச்சியில் ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஸ்கேன் உண்டு என்று சொல்லிவைத்தாள். அவன் நம்பினான். அவள் சொன்ன எதைத்தான் அவன் நம்பாமல் இருந்தான்? சட்டை இஸ்திரி போடவில்லையே என்பதுதான் அவனுக்குக் கவலை.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய வாட்சும் பர்ஸும். எதிர்ச்சுவரில் அவர்கள் துறையும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒட்டிய சுவரொட்டி. ஆராய்ச்சியைப் பற்றியது. வாசகம் அவள் எழுதியது. அச்சுக்குப் போகுமுன் வரி வரியாகத் திருத்தியவளும் அவள்தான். அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

கதவு திறந்தது.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். வரும்போதே சிரிப்பு.

"டாக்டர் ரெண்டு தடவை பாத்துட்டாரு. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையாம். நாந்தான் சொன்னேன்ல?"

வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டான். பசிக்கிறது, பொங்கல் சாப்பிடலாம் என்றான்.

அவள் எழுந்தாள். எழுந்தபோது சுவரொட்டி கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. பெரிய எழுத்தில் முதல் வரி.

ஸ்கேனில் ஒன்றுமே தெரியாத காலத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அவன் அதை வாய்விட்டுப் படித்தான். நீ எழுதினதுதானே என்று பெருமையாகக் கேட்டான்.