தியேட்டர் வாசலில் அழுதவன்

"தையலக்கா, சீக்கிரம் வாங்க! உங்க பையன் போன்ல அழறான்!"

மாடி வீட்டு நர்ஸ் படியிலிருந்தே கத்த, தையலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாதி ஓரம் அடித்த திரைச்சீலையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

மகன் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் அவளிடம் இல்லை, ஒரு மைக்கிடம். புதிதாக வந்த குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களை நிறுத்தி, படம் எப்படி என்று கேட்டு எடுத்த வீடியோ அது.

ஒருவர் முதல் பாதி இழுவை என்றார். கைக்குட்டை இல்லாமல் போகாதீர்கள் என்றாள் ஒரு பெண். அடுத்து வந்தவன் இவன்.

"என்னத்த சொல்றதுண்ணே... படத்துல அந்தப் பையன் வர்றதுக்குள்ள அவங்கம்மா..." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "எங்கம்மாவும் தனியாத்தான் இருக்காங்க. நேரா அவங்களப் பாக்கத்தான் போறேன்."

வேலை என்று நகரத்தின் மறுகோடிக்குப் போனதிலிருந்து கிணற்றில் போட்ட கல்லாக இருந்தவன். எப்போது கூப்பிட்டாலும், "மீட்டிங்ல இருக்கேம்மா." எந்த வேலையிலும் ஒட்டாதவனுக்கு எங்கிருந்துதான் அத்தனை மீட்டிங் வந்ததோ! ஊசி உடைந்தால்கூட, "ஏன்டி இப்படிப் படுத்தறே?" என்று மெஷினிடம்தான் பேசுவாள் தையலக்கா. பேச அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"பாத்தியா, ஊரறியச் சொல்லிட்டான் எம்புள்ள!" அவளுக்கு வாயெல்லாம் பல்.

"அது சினிமா பாத்த சூடுக்கா. ரெண்டு நாள்ல ஆறிடும்."

"உன் வாய்க்குச் சர்க்கரையே கிடையாது, போ!"

வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தாள். ஆறியதும் சுட வைத்தாள், மறுபடி ஆறியது. அன்றைக்கு அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்துவாள். சத்தம் வீட்டைத் தாண்டிப் போனதும் மறுபடி மிதிப்பாள். அந்த வாரம் தைத்த துணியில் ஒன்றுகூட நேராக வரவில்லை. கூலி கொடுத்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், மகன்!

"அம்மா..."

அப்படியே அவள் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

"வந்துட்டியாடா? ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"உன்ன இப்படித் தனியா விட்டுட்டேனேம்மா! இனிமே விடமாட்டேம்மா!"

தையல்காரியின் கண் எந்த அழுகையிலும் சட்டையைப் பார்க்காமல் இருக்காது. அவன் காலருக்குக் கீழே கறுப்பாக, வண்டு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனாள். அவன் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

அவ்வளவுதான், அவளும் உடைந்துபோனாள். இத்தனை காலம் மெஷினிடமும் சுவரிடமும் பேசிய பேச்செல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது. இனி இந்த வீட்டில் நாம் ஒற்றை ஆள் இல்லை என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அந்தப் படத்த எடுத்த மகராசன் நல்லா இருக்கணும்டா. எம்புள்ளைய எங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டான்."

அவன் மெல்ல அவள் தோளிலிருந்து முகத்தை எடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறந்திருந்த வாசல் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, டேக் ஓகேவா? இல்ல, மறுபடி வந்து கதவத் தட்டட்டுமா?"