திறந்திருந்த கோப்பு

அலுவலகத்தின் மெயின்ஃப்ரேம் கணினியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேட்டலாக் உண்டு. அவருடைய கோப்புகள் எந்த வட்டில் இருக்கின்றன என்று அது சொல்லும். ஆள் போய்விட்டால் கோப்புகளை அழித்து, கேட்டலாக்கையும் நீக்குவது அவள் வேலை. மற்றவர்களுடையதை மளமளவென்று முடித்தவள், அதே பிரிவில் வேலை பார்த்து இறந்துபோன கணவருடையதை மட்டும் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தாள்.

"இன்னைக்காவது முடிச்சிடும்மா. ஆடிட்காரங்க என் உயிரை எடுக்கிறாங்க," என்ற மேலாளர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மதியம் அவள் கட்டளையைத் தட்டினாள். எல்லாக் கோப்புகளும் போயின; ஒன்று மட்டும் உபயோகத்தில் இருப்பதாகத் திரை சொன்னது. யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பு அழியாது. யார் என்று கணினியிடம் கேட்டாள். கணவரின் பயனர் பெயர் வந்தது. அவர் இறந்த வாரமே அவள் தன் கையால் நீக்கிய பெயர் அது.

சாயங்காலம் மேலாளர் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாக்கி சார். ஒருத்தர் பார்த்துக்கிட்டிருக்கார்."

"அந்த ஆளை வெளியே தள்ளிட்டு அழிச்சிட வேண்டியதுதானே?"

"வேலையை முடிச்சிட்டு வரட்டும் சார். சேர்ந்தே கிளம்பிடுறோம்," என்றாள்.

பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.