காய்ச்சல் புத்தகத்துக்கு வந்த நோய்

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில், நூற்றைம்பது வயதான காய்ச்சல் புத்தகமும் மெலிந்த பிரசவப் புத்தகமும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒருநாள் காய்ச்சல் புத்தகத்தின் வயிற்றுக்குள் ஏதோ ஊர்ந்தது.

"அண்ணே, உங்க காலடியில மாவு மாவா கொட்டிக் கிடக்கு. புழு வச்சிருச்சு. நாளைக்குச் சோதிக்க வர்றாங்கல்ல, விரிச்சுக் காட்டிடுங்க" என்றது பிரசவப் புத்தகம்.

"மெதுவாப் பேசு! ஊர்க் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து சொன்னவன் நான். எனக்கே நோய்னா எந்த டாக்டர் என்னைத் தொடுவார்? புழு வச்ச கண் வைத்தியப் புத்தகத்தை, புழு சாகட்டும்னு ஐஸ் பெட்டிக்குக் கொண்டு போனாங்களே, திரும்பி வந்துச்சா?"

"போயி ஒரு வாரம்தானே ஆகுது?"



மறுநாள் நூலகர் தில்லைநாயகி காய்ச்சல் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அது மூச்சைப் பிடித்து அட்டைகளை இறுக்கிக்கொண்டது.

"பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு போல. இழுத்தா கிழிஞ்சிரும்" என்றவர், கீழே கிடந்த மாவைத் தூசி என்று துடைத்துவிட்டு, புத்தகத்தைப் பழைய இடத்திலேயே வைத்தார். அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்துத்தான்.

சாயங்காலம் வயிற்றில் ஊர்வது நின்றிருந்தது. பிரசவப் புத்தகத்தை ஒட்டிய பின்னட்டையில் மட்டும் புதிதாக ஓர் ஓட்டை.

"அண்ணே, எனக்கு முதுகுல என்னமோ குறுகுறுங்குது. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்க, என்னன்னு சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்லம்மா. வெயில் காலம்ல, அப்படித்தான் இருக்கும்" என்ற காய்ச்சல் புத்தகம், கொஞ்சம் தள்ளிச் சாய்ந்துகொண்டது.