இடது கட்டைவிரல்

"கையத் தொடாதீங்க!"

ராமலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பிடியில் தெய்வசிகாமணியின் இடது கட்டைவிரல். ஊதா மை தடவியாகிவிட்டது. கீழே அட்டையில் உயில். இன்னும் ஓர் அங்குலம் இறக்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பத்திரம் எழுதும் ராமலிங்கத்தைத் தவளக்குப்பம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேச்சில் 'நொத்தேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் இதற்கு முன்பும் நாலைந்து விரல்களைப் பிடித்தவர். அங்கெல்லாம் நர்ஸுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இவள் திருப்பவில்லை. பச்சை கவுனும் மாஸ்க்குமாகக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஐ.சி.யூ. இன்சார்ஜாம்.

"ஒரு நிமிஷ வேலை சிஸ்டர். ரேகை மட்டும்தான்."

"வென்டிலேட்டர்ல இருக்காரு. மயக்க மருந்து ஓடிக்கிட்டிருக்கு. அவர் விரல எதுல வெச்சாலும் அவருக்குத் தெரியாது."

கூட வந்திருந்த முத்துவேல், தெய்வசிகாமணியின் இளைய மகன், தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அப்பா நல்லா இருக்கறப்பவே நூறு தடவ சொன்னதுதான் அக்கா."

"அப்ப முழிச்சதும் இன்னொரு தடவ சொல்லட்டும் தம்பி."

"முழிக்கலன்னா?"

அவள் மானிட்டரை ஒருமுறை பார்த்தாள்.

"முழிக்கலன்னா சொல்லலன்னு அர்த்தம்."

ராமலிங்கத்துக்குப் பதற்றம். பெரிய மகன் கோவிந்தராசு சாயந்திரம் வந்துவிடுவான். உயிலில் அவனுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. வந்தால் விடமாட்டான்.

குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நீங்க எதையும் பாக்கல. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பாத்துட்டேனே. பாத்துட்டு திரும்பிக்கிட்டா நானும் குத்தவாளிதான். இவரால இப்ப 'வேணாம்'னு சொல்ல முடியாது. அவருக்காக அதச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க."

"நியாயமான உயில்மா. வேணும்னா படிச்சுப் பாருங்க."

"படிக்க வேணாம். வீட்ட யார் பேருக்கு எழுதியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

ராமலிங்கத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெரியவன் முந்திக்கொண்டான்! உள்ளேயே ஆள் பிடித்து வைத்திருக்கிறான்!

"ஓ... கோவிந்தராசு எல்லாத்தையும் சொல்லிட்டாரா? எவ்வளவு குடுத்தாரு?"

முத்துவேல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், வேணாம் சார்..."

அவள் கோபப்படவில்லை. ஸ்பிரிட் பஞ்சு எடுத்து, வலை இழுத்துக் காய்த்துப்போன அந்த விரலைத் துடைக்க ஆரம்பித்தாள். ரேகை ரேகையாகத் துடைத்தாள். மை போன பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு போனை எடுத்து டியூட்டி டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் என்ன சொன்னாரோ, இவள் குரல் உயர்ந்தது.

"இல்ல டாக்டர். குடும்ப விஷயமா இருந்தாலும் இது வார்டு. நீங்க விட்டுடச் சொன்னீங்கன்னா, அதையும் நேரம் போட்டு எழுதிடறேன்."

அவர் தானே வருவதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"சரிங்க டாக்டர். வாங்க."

போனை வைத்துவிட்டு நோயாளியின் ஃபைலைத் திறந்தாள். எழுதிக்கொண்டே, எழுதுவதை வாய்விட்டும் சொன்னாள்.

"மணி பதினொன்னு நாப்பது. மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் விரலில் மை தடவி ரேகை வாங்க முயற்சி. தடுக்கப்பட்டது. டாக்டருக்குச் சொல்லப்பட்டது."

"எங்க மேல கேஸ் போடப் போறியாம்மா?" ராமலிங்கம் எகிறினார்.

"நடந்தத எழுதறேன். நாளைக்குக் காலையில மயக்க மருந்த நிறுத்திப் பாப்பாங்க. முழிச்சாருன்னா, டாக்டர பக்கத்துல வெச்சுக்கிட்டு அவரையே கேளுங்க. இல்லன்னு தலையாட்டினா ஏத்துக்கிட்டுப் போயிடணும். இப்ப வெளிய போங்க."

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். உன் வேலைக்கே உலை வெக்கறேன் பாரு!"

"வைங்க. அதுக்காக இந்தக் கைய உங்ககிட்டக் குடுத்துட முடியாது."

செக்யூரிட்டி வந்தான். இருவரும் வெளியே வந்தார்கள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவும் ராமலிங்கத்துக்குப் பொறுமை இல்லை. படியில் தடதடவென்று இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டிலேயே வெள்ளைத் தாளை விரித்தார்.

"மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் தட்டிவிடலாம் தம்பி. இப்படி ஒரு திமிர் பிடிச்ச பொம்பளைய நான் பாத்ததே இல்ல. லஞ்சம் வாங்கிக்கிட்டு, பேஷண்டோட சொந்தக்காரங்கள மெரட்டறான்னு எழுதறேன்."

மளமளவென்று எழுதினார். வார்டு, கட்டில் எண், நேரம் எல்லாம் போட்டார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"அந்தம்மா பேரு என்ன? விசாரிச்சுட்டு வாங்க."

முத்துவேல் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"விசாரிக்க வேணாம் சார். அந்த வீட்ட யார் பேருக்கு எழுதினீங்களோ, அவங்கதான். எங்க அக்கா அன்புசெல்வி."