மணல்வேல்

அலைகடலைப் பள்ளியாகக் கொண்ட பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன்.

கடலடி மணலில் வாழ்ந்த, விரல் நீளமே உள்ள ஒல்லியான மீன் ஒன்றை மீனவர்கள் மணல்வேல் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்த நாள்முதல் அதற்கு நிம்மதி போயிற்று. வேல் என்று பெயர் பெற்ற பின் பகை கண்டு ஒளியலாமா என்று வெட்கி, மணலுக்கு மேலேயே நின்றது.

அப்போது சீலாமீன் ஒன்று பல்லைக் காட்டியபடி நெருங்கியது. அடுத்த வளையிலிருந்த நண்டு பதறியது.

“ஓய், உள்ளே போம். ஏன் நிற்கிறீர்?”

“மாட்டேன். நான் வேல். அதனோடு பொருத வேண்டும்.”

“எதைக் கொண்டு? உமக்குப் பல்கூட இல்லையே.”

“பெயர் இருக்கிறதே.”

“அது வந்த கதை தெரியுமா? சுறாக்குட்டிக்குப் பயந்து நீர் தலைகுப்புற மணலில் பாய்ந்ததைப் படகிலிருந்து பார்த்தார்கள். எறிந்த வேல்போல் இறங்குகிறதே என்று வியந்துதான் அப்படி அழைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

“ஓடி ஒளிந்ததற்கா இந்தப் பெயர்?”

“ஒளிந்த அழகுக்கு. இப்போதும் ஒளியும்.”

சீலா கவ்வியபோது அதன் வாய்க்குக் கிடைத்தது மணல் மட்டுமே. அது சலித்துப் போன பின் நண்டு மெல்லக் கேட்டது:

“வேல் சௌக்கியமா?”

“ஆழமாகவே பாய்ந்திருக்கிறது” என்று மணலுக்குள்ளிருந்து சிரிப்போடு பதில் வந்தது.

இதைக் கேட்டவர் யாவர்க்கும், அஞ்சும் வேளையில் புகலிடம் தவறாமல் வாய்க்கட்டும்.