வெள்ளை பேன்ட்

"பார்க்குக்குப் போறதுக்கு எதுக்குங்க தினமும் வெள்ளை பேன்ட்? துவைக்கிறது நான்தானே?" என்றாள் மனைவி.

"அதுலதான் ராசியே இருக்கு" என்றபடி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார், போன வருடம் ஓய்வு பெற்ற தபால்காரர்.

பூங்காவில் மரம் முழுக்க மஞ்சள் பூ. அதன் அடியில் இருந்த பெஞ்சில் உட்காரப் போனார்.

"சார், உட்காராதீங்க. பெயிண்ட் ஈரம்னு போர்டு மாட்டியிருக்கு பாருங்க." நடைப்பயிற்சிக்கு வந்த இளம்பெண் ஓடி வந்தாள்.

"அட, கவனிக்கவே இல்லம்மா. நல்லவேளை."

நின்றபடியே பேசினார்கள். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததாகவும், ஆபீஸ் விட்டால் பேச ஆளில்லை என்றும் சொன்னாள். மரப்பொந்தில் இருந்த மைனாக் குஞ்சுகளை அவர் காட்டினார். அவை வாய் பிளந்த அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விடைபெற்றுப் போனாள்.

பாதி வழியில்தான் தண்ணீர் பாட்டிலை மரத்தடியில் வைத்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தாள்.

அவர் அதே பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, போர்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் அசடு வழிந்தார். "வீடு வீடாத் தபால் கொடுத்து, பேசிப் பேசியே பழகின வாய்மா. இப்போ வணக்கம் சொன்னாக்கூட யாரும் நிக்கிறதில்ல. பேன்ட் பாழாகப் போகுதுன்னா மட்டும் ஓடி வந்துடறாங்க."

அவள் சிரிக்கவில்லை. பெஞ்சில் உதிர்ந்திருந்த பூக்களை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் அந்த போர்டை எனக்குத் தர்றீங்களா சார்? என்கிட்டயும் ஒரு வெள்ளை பேன்ட் இருக்கு."